இரண்டாம் பாகத்துக்கு முன் ஓர் இருமல்

போனில் இருந்த அந்தக் கச்சேரிப் பதிவில் மொத்தம் நாலு இருமல். ஜெரோமுக்கு அது மனப்பாடம். முதல் பாகம் முடிந்து இரண்டாம் பாகம் தொடங்குவதற்குள், ஏதோ ஒரு வெளிநாட்டு அரங்கத்தில் ஐம்பது வருஷத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் அதுவரை அடக்கிவைத்திருந்ததை அவசர அவசரமாக இருமித் தீர்ப்பார்கள். ஒரு கிழவி, இரண்டு ஆண்கள், ஒரு குழந்தை. அன்று மத்தியானம் ஐந்தாவதாக ஒன்று கேட்டது. பீடிச் சளி கட்டிய இருமல். கடைசியில் காறித் துப்பும் சத்தமும்கூட.

தேவதாஸ் மச்சான் அப்படித்தான் இருமுவார்.

ஜெரோம் மீன்பிடிக்காத நேரத்தில் மாதா கோயிலில் வயலின் வாசிப்பவன். செல்லோ என்கிற பெரிய வயலினை அவன் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் செத்துப்போன ஒரு வெள்ளைக்கார செல்லோ மேதை வாத்தியக் குழுவோடு மேடையில் வாசித்த கான்செர்ட்டோக்கள் அத்தனையையும் போனில் ஏற்றி வைத்திருந்தான். மேடைப் பதிவில்தான் அவர் மூச்சு வாங்குவது கேட்கும் என்பான். அந்தப் பைத்தியம்தான் குடியைக் கெடுத்தது.

பனி இறங்கிய விடியற்காலையில் ஒருவர் வலையோடு ஏரியில் இறங்கினால், படகில் இருப்பவர் துடுப்பால் பலகையைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். டொக். டொக். தன் கையே தெரியாத பனியில், இறங்கியவருக்கு அந்தச் சத்தம்தான் வழி. போன மாதம் தேவதாஸ் இறங்கினார். ஜெரோம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தட்டினான். அந்த மெதுவான இரண்டாம் பாகம் வந்ததும் கண்ணை மூடினான். கை எப்போது நின்றதென்று அவனுக்கே தெரியாது. மூன்றாம் நாள், ஏரி கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் உடல் ஒதுங்கியது.

கதவருகே பெனிட்டா வந்து நின்றாள். அவன் மனைவி, தேவதாஸின் தங்கை. கையெல்லாம் இறால் ஓடு.

"நாளைக்கு அண்ணனுக்கு நாப்பதாம் நாளு. ஃபாதரைப் பாத்துட்டு வரேன்," என்றாள். போகவில்லை. "நீ தட்டிக்கினுதான இருந்த?"

"எத்தினி வாட்டி கேப்ப? தட்டிக்கினேதான் இருந்தேன்."

"அப்போ அவருக்கு ஏன் கேக்கல?"

அவன் போனைப் பார்த்தான். அவள் போய்விட்டாள். சொல்லியிருக்கலாம், இப்போதாவது சொல்லியிருக்கலாம் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அந்த அடிப்பு கேட்காமல் இருக்கத்தான் ஹெட்போனை மாட்டி மறுபடி அதே இடத்தை ஓடவிட்டான். செல்லோ தேய்ந்து அடங்கியது. கிழவி இருமினாள், ஆண்கள் இருமினார்கள், குழந்தை இருமியது. பிறகு தண்ணீர் அலம்பும் சத்தம். பிறகு, காதுக்கு மிகப் பக்கத்தில்:

"மாப்ள. தட்டு மாப்ள."

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தான். மத்தியான வெயிலில் பளிச்சென்று இருந்த வாசல் இப்போது இல்லை. அங்கே விடியற்காலை ஏரிப் பனிபோல வெள்ளையாக ஏதோ நின்றது. பாசி நாற்றம். கால் விரல்களில் ஈரம்.

"எங்க கீற மாப்ள? ஒண்ணும் தெர்ல."

குரலில் கோபமே இல்லை. பயம்தான் இருந்தது. கோபமாக இருந்திருந்தால் ஜெரோம் ஓடியிருப்பான்.

அவன் விரல் முட்டியால் மேசையைத் தட்டினான். டொக்.

சிமெண்டுத் தரையில் ஒரு காலடி. சொதசொதவென்று.

கை நின்றது. காலடியும் நின்றது.

"நிறுத்தாத மாப்ள."

இன்னொரு முறை நிறுத்த அவனால் முடியாது. டொக். ஒரு காலடி. டொக். இன்னொன்று. கீழே கிடந்த ஹெட்போனில் இரண்டாம் பாகம் தொடங்கவேயில்லை. யாரும் இருமவில்லை. அரங்கமே மூச்சைப் பிடித்துக் காத்திருந்தது.

டொக்.

மேசை விளிம்பை நாலு விரல்கள் பற்றின. வெளுத்து, ஊறி, நகமில்லாமல். படகில் ஏறுகிறவர் முதலில் அப்படித்தான் பிடிப்பார். அடுத்தது முழங்கை.

பாரம் தாங்காமல் மேசை அந்தப் பக்கம் சாய்ந்தது. ஜெரோம் தட்டிக்கொண்டே இருந்தான்.