சக்கரத்துக்கு வைத்த கல்

கண்டிக்கு அப்பால், அலவத்துகொடையில் இருந்து மேலே ஏறும் பழைய தேயிலைத் தோட்டப் பாதையின் முடிவில், கட்டியிழுத்து வந்த எங்கள் காரவனைக் கழற்றிவிட்டு லொறிக்காரன் போனபோது பின்னேரம். மழை அப்போதுதான் விட்டிருந்தது. சரிவான புல்லுத் தரை, ஒரு தண்ணீர்க் குழாய், தகரம் அடித்த ஒரு கக்கூசு, சுற்றிவரப் புதர் மண்டிய பற்றை. கரண்ட் இல்லை. குருவிச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமும் இல்லை. நல்ல இடம் என்றுதான் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

என் பெயர் பத்மாதேவி. என் மனிசன் யோகேந்திரன், தபால் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவர். சண்டைக்கு ஊர் ஊராக ஓடி, பிறகு கட்டுகஸ்தோட்டையில் நெடுங்காலம் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்காரர் மகளுக்குக் கலியாணம் என்றார், எழும்பச் சொன்னார், எழும்பினோம். கண்டியில் இப்போது கேட்கிற வாடகைக்குப் பென்சன்காரர் மூச்சுக்கூட விட ஏலாது. பல்லேகலவில் கிரிக்கெட் பார்க்க வந்த எந்த வெள்ளைக்காரனோ விட்டுப்போன காரவன், படுக்கை அலுமாரியோடு ஒரு சக்கர வீடு, கராஜில் கறள் பிடித்துக் கிடந்தது. அதை வாங்கினோம். அதுதான் இனி வீடு. அதையும் எடு என்றால் எங்களுக்குத் தெருதான்.

காணிக்காரன் திலக்ஷன், கண்டி டவுனில் கடை வைத்திருக்கும் இளந்தாரி. முகாம் அடிக்க வருகிறவர்களுக்கு அந்த இடத்தை வாடகைக்கு விடுவான். அவனுடைய பழைய வான் சரிவில் நிற்காது. இறங்கி, பின்சக்கரத்துக்கு ஒரு கல்லை வைத்துவிட்டுத்தான் வாயே திறப்பான்.

"ஒரு வருசம் தாராளமா இருங்கம்மா. சும்மா கெடக்கிற எடந்தானே. வர்றவங்கதான் ரெண்டு நாளைக்கு மேல தங்க மாட்டேங்கிறாங்க. கரண்ட் இல்லேல்ல" என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

எங்கள் காரவனுக்கும் கல் வேண்டியிருந்தது. அவர் பற்றைக்குள் போய் மூன்று கற்களை உருட்டிக்கொண்டு வந்தார். இரண்டு சக்கரங்களுக்கும் ஒவ்வொன்று, முன்னால் தாங்குகாலுக்கு ஒன்று. வெட்டி எடுத்தது போலக் கச்சிதமாகப் பொருந்தின.

அன்று பொழுது படும்போது ரொட்டி சுடுகிற வாசம் வந்தது. விறகுப் புகை, வெந்த மா, கொஞ்சம் கருகிய தேங்காய்ப்பூ.

"பக்கத்தில ஆரோ சமைக்கினம்" என்றார் அவர், வாயூறிக்கொண்டு.

பக்கத்தில் யாரும் இல்லை. நான் படியில் ஏறி நின்று நாலு பக்கமும் பார்த்தேன். ஒரு கூரையும் தெரியவில்லை, ஒரு கீற்றுப் புகையும் தெரியவில்லை.

விடியப்புறம் சத்தம் கேட்டது.

கர்ர்ர்.

கல்லை மண்ணில் இழுக்கிற சத்தம். எங்கள் படுக்கைக்கு நேர் கீழே.

"இஞ்சேருங்கோ, உது என்ன?"

"அசையாத" என்று அவர் குசுகுசுத்தார்.

இன்னொரு கல் இழுபட்டது.

காரவன் நகர்ந்தது. அலுமாரிக் கதவு தானாகத் திறந்தது, சட்டி உருண்டது, நான் அவருடைய கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்துவிட்டது. ஒரு புல் மேட்டில் முட்டிக் காரவன் நின்றது. மேடு இல்லாவிட்டால் சரிவின் அடியில் வாசல் படலை, அதற்கப்பால் பாதை, பாதைக்கு அப்பால் பள்ளம். பனிமூட்டத்துக்குள் இறங்கிப் பார்த்தோம். சக்கரத்தடியில் கற்கள் இல்லை. பற்றைக்குள், எடுத்த இடத்திலேயே மூன்றும் கிடந்தன.

"குரங்கா இருக்கும்."

"குரங்கு கல்லைக் கொண்டுபோய் எடுத்த இடத்தில வைக்குமோ? கதையைப் பாருங்கோ."

எனக்குக் கோபத்தில் விசர் வந்தது. பயமும் வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் விசர் முந்திக்கொண்டது. கற்களை நானே தூக்கி வந்து, பழையபடி சக்கரத்துக்கு முட்டாக வைத்தேன்.

மத்தியானம் அவர் சாமான் வாங்கக் கீழே இறங்கிப் போனார். நான் படியில் இருந்து கறிக்குப் போஞ்சி வெட்டிக்கொண்டிருந்தேன். பட்டப்பகலிலேயே மூட்டம் இறங்கியது. முதலில் குருவிகள் ஓய்ந்தன. பிறகு அந்த ரொட்டி வாசம்.

கர்ர்ர்.

குனிந்து காரவனுக்கு அடியில் பார்த்தேன்.

ஒரு கை.

பெண்ணின் கை. கல்லைப் பற்றியிருந்தது. விரல் நுனிகள் கறுத்து வெடித்திருந்தன. காலமெல்லாம் தேயிலைக் கொழுந்து பறித்தவர்களுக்குப் போகாத கறை அது. மணிக்கட்டில் ஒரு கண்ணாடி வளையல்.

மணிக்கட்டுக்கு மேலே மூட்டம் மட்டும்தான் இருந்தது.

அவர் திரும்பி வந்தபோது காரவன் அதே மேட்டில் முட்டியபடி நின்றது, சக்கரத்தடியில் கற்கள் இல்லை, நான் குழாயடியில் கத்தியைப் பிடித்தபடி நின்றேன். நடந்ததைச் சொன்னேன். அவர் பையை நழுவவிட்டார்.

"போவம் தேவி. இண்டைக்கே போவம்."

"எங்க போறது? சொல்லுங்கோ பாப்பம்."

அந்த மனிசன் தலையைக் குனிந்துகொண்டு நின்ற நிலைதான் என்னை உலுப்பிவிட்டது. நான் பற்றையைப் பார்த்துத் திரும்பினேன்.

"ஷெல்லடிக்கு எழும்பினன். ஆமிக்காரனுக்கு எழும்பினன். வீட்டுக்காரனுக்கு எழும்பினன். உனக்கு எழும்பமாட்டன். நீ ஆரெண்டாலும் சரி."

பற்றை அசையவில்லை. வாசம் மட்டும் கூடியது.

அவர் தடுக்கத் தடுக்க நான் உள்ளே போனேன். பற்றைக்கு நடுவில் உடைந்த சீமெந்துத் தரை இருந்தது. அதன் மூலையில், காலையில் நான் சக்கரத்துக்கு வைத்த அதே மூன்று கற்கள். கிட்டக் குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் மட்டும் கறுப்பு. கறுத்த பக்கங்கள் ஒன்றையொன்று பார்த்தபடி இருந்தன.

அடுப்பு.

நான் அப்படியே குந்திவிட்டேன். இடம்பெயர்ந்து போன ஒவ்வொரு ஊரிலும் கூடாரத்துக்குக் கயிறு தேட முன்னம் நாங்கள் மூன்று கல்லுத்தான் தேடுவோம். கல் வைத்து உலை ஏற்றினால்தான் அது இருக்கிற இடம். எங்கள் அடுப்பை ஒருவன் காலால் தட்டிவிட்டபோது எப்படிக் கொதித்தேன் என்று எனக்கு மறக்கவில்லை. இவள் என்னைத் துரத்தவேயில்லை. இவளுடைய அடுப்பைப் பிடுங்கிச் சக்கரத்துக்கு வைத்தவர்கள் நாங்கள்தான்.

"பிழை எங்கட" என்றேன். "அடுப்பு உன்ர. அதை இனித் தொடமாட்டம். ஆனா நான் இஞ்ச இருந்து போகமாட்டன். அதையும் கேட்டுக்கொள்."

சக்கரத்துக்கு விறகுக் கட்டைகளை இறுக்கினோம். பொழுது பட முன்னம் அந்த அடுப்பை மூட்டிப் பால் சேராத பிளேன்டீ வைத்தேன். ஒரு எவர்சில்வர் பேணியில் ஊற்றிக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். அன்றிரவு காரவன் அசையவில்லை.

காலையில் திலக்ஷன் வந்தான். வானை நிறுத்தி, பின்சக்கரத்துக்குக் கல்லை வைத்து, நிமிர்ந்தவன், நாங்கள் பற்றையை வெட்டி வழி எடுத்திருப்பதைக் கண்டான். உள்ளே எட்டிப் பார்த்ததும் முகம் வெளுத்தது.

"இதுல யாரும்மா நெருப்பு வச்சது?" என்று மெல்லக் கேட்டான்.

"ஆரின்ர அடுப்பு உது?" என்று நான் திருப்பிக் கேட்டேன்.

"நல்லம்மான்னு ஒரு பொம்பள. இங்க லயம் இருந்துச்சு, தோட்டத்து ஆளுங்க இருந்த வீடுங்க. நாங்க காணிய வாங்கினப்ப எல்லாரும் எந்திரிச்சுப் போயிட்டாங்க, அந்தப் பொம்பள மட்டும் போகல. எங்கப்பாதான் கூரைத் தகரத்தக் கழட்டச் சொன்னாரு. மழையில நனைஞ்சுக்கிட்டே ரொட்டி சுட்டுச்சாம். அடுப்படியிலயே செத்துக் கெடந்துச்சு." பிறகு வந்த காரியத்தைச் சொன்னான். "ஹோட்டல் கட்ட ஒருத்தர் காணிய கேக்குறாரும்மா. ஞாயித்துக்கெழமைக்குள்ள காரவன எடுத்துருங்க."

"ஒரு வருசம் எண்டு நீர்தானே சொன்னனீர்."

"அது சும்மா வாயில சொன்னதும்மா."

"எடுக்கமாட்டம்."

"அப்ப ஆளுங்களக் கூட்டிட்டு வந்துதான் இழுக்கணும்" என்றான். அவன் குரலில் கோபம்கூட இல்லை.

குருவிகள் ஓய்ந்தன.

கர்ர்ர்.

இந்த முறை எங்கள் காரவனுக்குக் கீழே இல்லை.

திலக்ஷனுடைய வானின் பின்சக்கரத்துக்கு வைத்த கல் மெல்ல, மிக மெல்ல, மண்ணைக் கீறிக்கொண்டு வெளியே வந்தது. அதைச் சுற்றி யாரும் இல்லை. மூவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். வான் அசைந்து, சரிவில் இறங்கி, எங்கள் காரவனை உரசாமல் விலகிப்போய், திறந்திருந்த படலைக்கு வெளியே பாதையில் நின்றது.

அவன் என்னைப் பார்த்தான். நான் அகப்பையோடு அவனுக்கு முன்னால்தான் நின்றேன்.

"நானில்லைத் தம்பி" என்றேன்.

அவன் ஓடி, வானில் ஏறிப் போனான். ஞாயிற்றுக்கிழமை வந்தது, போனது. ஆட்கள் யாரும் வரவில்லை. போனும் இல்லை. வந்தால் வரட்டும், நாங்கள் இங்கேதான்.

வான் தானாக உருண்ட அன்று, அவன் போன கையோடு அடுப்படிக்குப் போனேன். நான் வைத்த பேணி வெறுமையாக இருந்தது. பளபளத்த அதன் விளிம்பில் கறுத்த விரல் அடையாளங்கள் நான்கு.

நான் அதைக் கழுவவில்லை. அப்படியே மறுபடி தேத்தண்ணி ஊற்றி வைத்தேன்.