எச்சில் பட்ட விலாசம்

பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த ஆளின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. பேச்சு எதுவும் வரவில்லை. வெற்றிலை ஊறிய எச்சிலை அவர் சப்பும் ஓசை மட்டும்தான் கேட்டது. சிவரஞ்சனி மேசையை ஒட்டி முன்னால் நகர்ந்துகொண்டாள்.

ராஜபாளையம் பழைய பேருந்து நிலையத்துக்கு அருகில் இருக்கும் பாரூக்கின் கம்ப்யூட்டர் கடைக்கு, ஆதாரில் விலாசம் மாற்ற வந்திருந்தாள். தளவாய்புரத்தில் புருஷன் பாண்டிதுரையின் அடிக்குத் தப்பி ஓடிவந்து மூன்று மாதம் ஆகிறது. "எங்க போனாலும் மோந்துக்கிட்டு வந்துருவேன்டி" என்று சொன்னவன் அவன். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் இருக்கும் மாடி அறை அவனுக்குத் தெரியாது. தெரிந்தால் கொன்றுவிடுவான். அதனால்தான் வாயால் சொல்லாமல், கையால் மறைத்து ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள்.

பாரூக்குக்கோ வாய்விட்டுப் படிக்காமல் டைப் அடிக்க வராது.

"நாலு பை பதினேழு... பச்சைக்கிணத்துத் தெரு..."

"பாய், மனசுக்குள்ள படிங்களேன்."

"தப்பாயிரும்லம்மா. பொறவு என்னயத்தான் ஏசுவிய."

பின்னாலிருந்த உதடுகள் ஒவ்வொரு சொல்லையும் மென்றன. ஊசிப்போன பாலும் வெற்றிலையும் கலந்த வெதுவெதுப்பான மூச்சு அவள் பிடரியில் பட்டது. திரும்பிப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. வேலை முடிந்ததும் சீட்டை வாங்கி நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு வெளியே வந்தாள். செருப்பை மாட்டும்போது பார்வை உள்ளே போனது.

அந்த ஆள் கூடைமேல் குனிந்திருந்தார். கிழிசல்களை ஒவ்வொன்றாக எடுத்து நாக்கில் வைத்து, கண்ணை மூடிச் சப்பினார்.

"யாரு பாய் அவரு?"

பாரூக் நிமிர்ந்தார். "ஒங்க கூட வந்தவியன்னுல்ல நெனச்சேன்."

ஓட்டமாக வந்து பஸ் ஏறினாள். மழைக்கு ஷட்டர்களை இறக்கியிருந்ததால், ஈரத்துணியும் டீசலும் தலையெண்ணெயும் உள்ளேயே அடைந்து புழுங்கின. பின் சீட்டில் அதே சப்பல். சட்டென்று திரும்பினாள். பிள்ளையை மடியில் போட்டு ஒருத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். அவளைத் தவிர யாரும் இல்லை. பிடரி மட்டும் பிசுபிசுத்தது. துப்பட்டாவால் துடைத்தாள்.

சிவப்பு.

அறைக்கு வந்து தாழ்ப்பாள் போட்டாள். கழுத்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். மறுபடியும் தேய்த்தாள். வாடை போகவில்லை.

படிக்கட்டில் காலடி. ஒரு ஆளுடையது அல்ல.

சாவித்துவாரம் இருண்டது. அதிலிருந்து ஏதோ வெள்ளையாகப் பிதுங்கி, சொத்தென்று தரையில் விழுந்தது. ஊறிய காகிதம். அவள் கையெழுத்து.

துவாரத்தை உதடுகள் அடைத்தன. கதவின் உட்பக்கம் சிவந்த எச்சில் வழிந்தது. இப்போது அந்த வாய் சத்தமாகவே படித்தது.

"நாலு பை பதினேழு."

படியில் பாண்டிதுரையின் குரல், பாடம் ஒப்பிப்பதுபோல:

"நாலு பை பதினேழு."

"பச்சைக்கிணத்துத் தெரு."

"பச்சைக்கிணத்துத் தெரு."

"மாடி."

எச்சில் தரையைத் தொட்டது.

"மாடி" என்றான் பாண்டிதுரை, கதவுக்கு வெகு அருகில்.