கல்லறையில் கட்டிய கயிறு

படகுத்துறையிலிருந்து லூபே திரும்பி வந்தபோது மதியம் இரண்டு மணி. புயல் வருகிறதென்று கப்பலை நிறுத்திவிட்டார்கள். அக்கரையில் தலைநகர் ஆபியாவின் ஆஸ்பத்திரிக்கென்று கட்டிய பையை அப்படியே தூக்கிக்கொண்டு, நிறைமாத வயிற்றோடு முற்றத்தில் வந்து நின்றாள்.

அவள் புருஷன் பெசமினோ தகரக் கூரையின்மேல் தடித்த கயிறு ஒன்றைப் போட்டிருந்தான். பின்பக்க முனையைச் சீமைப்பலா மரத்தில் கட்டியாயிற்று. முன்பக்கம் மரமில்லை. வாசலில் அவன் அப்பா லேவியின் கல்லறைதான் இருந்தது. அதைச் சுற்றித்தான் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான்.

"அவரு கையிலயா கயித்தக் குடுக்குற?"

"ரெண்டு டன் சிமெண்டு, லூபே. ஊர்லயே இதவிடக் கனமா என்ன இருக்கு? சும்மா பயந்து சாகாத."

"பக்கத்துல படுத்திருக்கானே நம்ம புள்ள, அவன் பயந்தா செத்தான்?"

பெசமினோ முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினான்.

லேவி பொல்லாத மனுஷர். இரண்டு வருஷத்துக்கு முன் சாகக் கிடக்கையில் மருமகளின் வயிற்றைக் காட்டி, "இந்தக் கூரைக்குக் கீழ பொறக்குறதெல்லாம் எம்புள்ள, நான்தான் வளப்பேன்" என்றார். அவர் போன நாலாம் நாள் அங்கேயே பிறந்த பையன் மூன்றே நாள்தான் இருந்தான். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. பெரிய கல்லுக்குப் பக்கத்தில் சின்னக் கல் வந்தது. அடுத்த பிள்ளையை அந்தக் கூரைக்குக் கீழே பெறுவதில்லை என்று லூபே அன்றே முடிவு கட்டிவிட்டாள்.

கயிறு கட்டி முடித்ததும் சர்ச்சுக்குப் போய்விடலாம் என்றான் பெசமினோ. காற்று அதற்கு நேரம் கொடுக்கவில்லை. மூன்று மணிக்கே இருட்டிவிட்டது. கடல் உப்பும் கிழிந்த இலையின் பச்சை வாடையும் வீட்டுக்குள் அடித்தன. பக்கத்து வீட்டுக் கூரை முழுசாகப் பெயர்ந்து தென்னைகளுக்கு மேலே போவதை ஜன்னல் இடுக்கில் இருவரும் பார்த்தார்கள்.

இவர்கள் கூரையில் மட்டும் ஒரு ஆணி கூட அசையவில்லை.

"பாத்தியா, புடிச்சிருக்காரு!" என்றான் பெசமினோ பெருமையாக. சொல்லிக்கொண்டே எழுந்தவன் உத்தரத்தில் தலையை இடித்துக்கொண்டான்.

அந்த உத்தரம் அவன் கையை உயர்த்தினாலும் எட்டாது.

லூபே உத்தரத்தை அண்ணாந்து பார்த்தாள். காற்று கூரையைத் தூக்கப் பார்க்கும். எந்தக் காற்றும் கூரையைக் கீழே இழுக்காது.

வெளியே கயிறு முறுகும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி முறுகியது. கிணற்றில் தண்ணீர் இறைப்பவர் கை மாற்றுகிற மாதிரி, நிதானமாக.

தூண்கள் தரைக்குள் இறங்கிக்கொண்டிருந்தன.

பெசமினோ கதவை இழுத்தான். நிலை நசுங்கிக் கதவு இறுகியிருந்தது.

"அறுத்துடு," என்று கிசுகிசுத்தாள்.

"எங்கப்பா, லூபே..."

அவள் அவனை நம்பிக் காத்திருக்கவில்லை. தேங்காய் வெட்டும் கத்தியை எடுத்து ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, விறைத்து நின்ற கயிற்றை வெட்டினாள். மூன்றாவது வெட்டில் அறுந்து சேற்றில் விழுந்தது.

கூரை ஒரு விரல்கூட மேலே போகவில்லை.

இருவரும் ஜன்னல் வழியே விழுந்து, மழையில் தவழ்ந்து, சர்ச்சுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பெசமினோ வழியெல்லாம் அழுதான். லூபே அழவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிழவரைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே வந்தாள்.

சர்ச்சின் கூரையும் சாயங்காலத்துக்குள் போய்விட்டது. காற்று அடங்கி எல்லாரும் வெளியே வந்தபோது ஊரில் ஒரேயொரு வீடு நின்றது. உயரம் குறையாமல், கதவு விரியத் திறந்து.

"லேவிக் கெழவரு செத்தும் ஊரக் காப்பாத்திட்டாரு!" என்று கும்பிட்டாள் மருத்துவச்சி மெலே. சர்ச்சில் ஒதுங்கியிருந்த நாற்பது பேரும் பாய்களைத் தூக்கிக்கொண்டு அங்கே ஓடினார்கள். மழை மறுபடி பிடித்தது. லூபே முற்றத்திலேயே நின்றாள்.

அப்போதுதான் பனிக்குடம் உடைந்தது.

"வேணாம் மெலே அத்தை, இங்கேயே பெத்துக்குறேன், சேத்துல பெத்துக்குறேன்!"

"வலியில ஒளறுது பொண்ணு. தூக்குங்கடி!"

நாலு பெண்கள் தூக்கினார்கள். பெசமினோ தடுக்க வந்தான். ஆம்பளைக்கு இங்கே என்ன வேலை என்று அவனை விரட்டினார்கள். வீட்டின் நடுவே, காய்ந்த பாயில், ரொம்பப் பிரியமாக அவளைக் கிடத்தினார்கள்.

"தல தெரியுது! இன்னொரு தடவ முக்கு, கண்ணு!"

பெண்கள் எல்லாரும் அவள் காலடியில் குனிந்திருந்தார்கள். மல்லாந்து கிடந்தவள் லூபே ஒருத்திதான். கூரை சத்தமில்லாமல் இறங்கி வருவதை அவள் ஒருத்திதான் பார்த்தாள்.