இலைநாடி சொன்ன காரணம்

காலை ஏழரை மணிக்கு ஏற்காடு முழுக்க எல்லா வீடுகளிலும் மூச்சு வைத்துக்கொண்டிருந்தார்கள். பல் துலக்கியதும் பூந்தொட்டியருகே உட்கார்ந்து, இலைமேல் நிதானமாகப் பத்து மூச்சு விடுவார்கள். இலைநாடி வந்த பிறகு ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. இலையில் மாட்டிய அந்தச் சின்னக் கவ்வி, தண்ணீர் போதவில்லை, வெயில் அதிகம், வேரில் பூஞ்சை என்று செடியின் குறையைத் தமிழிலேயே சொல்லிவிடும். மூச்சு பிடித்திருந்தால் பச்சை விளக்கு எரியும். விருந்தாளியாகப் போனால்கூட அந்த வீட்டுச் செடிக்கு மூச்சு வைத்துவிட்டுத்தான் காபியைத் தொட வேண்டும். இல்லாவிட்டால் மரியாதை தெரியாதவர் என்று பெயர் வந்துவிடும்.

ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் தேவசகாயம் வீட்டில் மட்டும் இரண்டு மாதமாகச் சிவப்பு விளக்குதான் எரிந்தது.

ஒரு நாள் காலை தாவர மருத்துவர் வடிவாம்பாள் போனபோது அவருடைய ஆர்க்கிட்டில் நாலு இலைகள்தான் மிச்சமிருந்தன. பணி ஓய்வு நாளில் சக டிரைவர்கள் சால்வைக்குப் பதிலாகக் கொடுத்த செடி அது.

“ஏழு இருந்துச்சு டாக்டரம்மா. ஒவ்வொண்ணா மஞ்சளாகி, தோல் மாதிரி சுருங்கி விழுந்துருது” என்றார்.

வடிவாம்பாள் வேரை விலக்கிப் பார்த்தாள். நுனியெல்லாம் பச்சையாக, உறுதியாக இருந்தது. இலையின் அடிப்பக்கத்தை உருப்பெருக்கியில் பார்த்தாள். பூச்சி இல்லை, பூஞ்சை இல்லை. உரத்தின் உப்பும் படியவில்லை. ஆனால் நாற்காலியைப் பார்த்த பக்கத்தில் மட்டும் மஞ்சள் ஏறியிருந்தது. ஜன்னலோ எதிர்ப்பக்கம் இருந்தது.

“தொட்டியத் திருப்பி வச்சீங்களா?”

“ரெண்டு தடவ வச்சேன். திருப்பி வச்சா அந்தப் பக்கமும் மஞ்சளாவுது” என்றவர், செய்யக்கூடாததைச் செய்துவிட்டவர்போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் கருவியை முழுச் சோதனைக்குத் திருப்பினாள். ஐந்து நிமிடம் கழித்துத் திரையில் ஒரே வரி வந்தது. காரணம்: பராமரிப்பவர்.

தாவர நலச் சட்டப்படி அதற்குமேல் பேச்சுக்கு இடமில்லை. மருத்துவர் கையெழுத்துப் போட்டால் செடி அரசுக் கண்ணாடிக் கூடத்துக்குப் போய்விடும். தேவசகாயத்துக்கும் அது தெரியும்.

“முப்பத்தொரு வருஷம் கொண்டை ஊசி வளைவுல வண்டி ஓட்டியிருக்கேன். ஒரு உயிருக்குச் சேதாரம் வந்ததில்ல. இதுக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்னு சொல்லுங்க, திருத்திக்கறேன்.”

அவளுக்கு மனசு கேட்கவில்லை. பேனாவை மூடிவைத்தாள். இந்த வகை ஆர்க்கிட் பகலெல்லாம் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். இரவிலும் விடிந்த பிறகு கொஞ்ச நேரமும்தான் காற்றை உள்ளே விடும். துளைகள் மூட இன்னும் ஒரு மணி நேரம் பாக்கி இருந்தது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து பத்து மூச்சு விட்டாள். பச்சை. பக்கத்து வீட்டுக் குல்சும்மைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். அதுவும் பச்சை. தேவசகாயம் உட்கார்ந்தார். சிவப்பு. அவர் மூச்சு பட்ட நாலாவது நொடியில் அந்தப் பக்க இலைத்துளைகள் அத்தனையும் அடைத்துக்கொண்டதைத் திரை காட்டியது. இரண்டு மாதமாகத் தினமும் இப்படி அடைத்து அடைத்தே இலைகள் வெளுத்திருக்கின்றன.

வடிவாம்பாளுக்கு ஆர்க்கிட் குடும்பத்தைப் பற்றிப் படித்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. பெண் குளவியின் வாசனையை இம்மி பிசகாமல் தானே தயாரித்து, ஆண் குளவியை வரவழைத்து, மகரந்தத்தை ஏற்றி அனுப்பும் பூக்கள் அந்தக் குடும்பத்தில் உண்டு. மனிதன் நெருப்பு மூட்டக் கற்பதற்கு எத்தனையோ லட்சம் ஆண்டுகள் முன்பே வாசனையில் கைதேர்ந்த இனம் அது. அப்படிப்பட்ட ஒன்று மூக்கில்லாமல், மூளையில்லாமல் இந்த மனிதரை மோந்து பார்த்து வேண்டாம் என்கிறது. அவரைக் குறை சொல்வதற்காக அல்ல, அவர் மூச்சில் ஏதோ நோயின் வாசனை ஏறியிருப்பதால் என்று அவளுக்குத் தோன்றியது.

“ஐயா, நீங்க உடனே சேலம் போயி நெஞ்சைப் பாத்துக்குங்க.”

“எனக்கு ஒண்ணுமில்லீங்களே. செடிக்குத்தான முடியல?”

“செடிக்காகவாவது போங்க” என்றாள்.

நுரையீரலின் ஓரத்தில் மிளகளவு கட்டி இருந்தது. நெஞ்சைத்தான் பார்க்க வேண்டும் என்று தெரியாமல் தேடியிருந்தால் தட்டுப்பட்டிருக்காது என்றார்கள். எடுத்துவிட்டார்கள். ஆறு வாரம் கழித்து அவர் திரும்பி வந்து பயந்துகொண்டே மூச்சு வைத்தபோது பச்சை விளக்கு எரிந்தது. அதுவரை செடியைக் கவனித்துக்கொண்ட குல்சும், தளிர் விட்டிருந்த புது இலையைக் காட்டினாள். தேவசகாயம் குலுங்கி அழுதார்.

செய்தி மலையிறங்க எவ்வளவு நேரமாகும்? மறு வாரமே வாசலில் கூட்டம் கூடிவிட்டது. பதினாறு பேருக்குப் பச்சை. ஒரு தையல்காரருக்குச் சிவப்பு. அவருக்கு ஈரலில் கோளாறு இருந்தது உண்மைதான். அதன் பிறகு ஆர்க்கிட்டை யாரும் சந்தேகிக்கவில்லை. சிவப்பு எரிந்தவர் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனார்.

அடுத்த திங்கட்கிழமை காலை, தலைநகரிலிருந்து முகுந்தராஜ் என்ற அதிகாரி வந்தார். ஆர்க்கிட்டை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோக அவர் கையில் ஆணை இருந்தது. இலைகளை வெட்டி வெட்டிப் பார்ப்பார்கள் என்பது வடிவாம்பாளுக்குத் தெரியும். வாதாடிப் பார்த்தாள். தேவசகாயம் சுவரில் சாய்ந்து நின்றார்.

“நாட்டுக்கே பயன்படுற பொருளம்மா. ஒரு வீட்டுல வச்சுக்க முடியுமா?” என்றபடி அதிகாரி தொட்டியை இரு கையாலும் பிடித்தார். பிடித்தவர், தூக்குவதற்கு முன் மரியாதைக்காக ஒரு மூச்சு வைத்தார்.

விளக்கு சிவந்தது.

அதிகாரியின் முகத்தில் ஈயாடவில்லை. தொட்டியை மெதுவாக விட்டார். “பரம்பரையா எங்களுக்குச் சர்க்கரை உண்டு. அதுவா இருக்கும்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆணையை மேசைமேலேயே மறந்துவிட்டு வண்டியேறிப் போனார்.

வடிவாம்பாள் கருவியின் பதிவை ஓடவிட்டுப் பார்த்தாள். ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். இலைத்துளைகள் மூடியது அவர் தொட்டியைப் பிடித்த நொடியில். மூச்சு வந்து பட்டது அதற்கு இரண்டு நொடி கழித்துத்தான்.

“அவருக்கு ஒரு நோயும் இல்லீங்க ஐயா. இது வேணும்னே பண்ணிருக்கு” என்றாள். குரல் தாழ்ந்திருந்தது. “வேண்டாத ஆளு முன்னால மூடிக்கிட்டா, அந்த ஆளை நாமளே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருவோம்னு தெரிஞ்சுக்கிட்டிருக்கு.”

தேவசகாயம் செடியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

அவளும் சிரித்தாள். குளவியை ஏமாற்றிய அதே சாமர்த்தியம். இத்தனை நாள் இதற்கு வைத்தியம் பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருந்தோமே என்று வியந்தபடி, கவ்வியைக் கழற்ற ஒரு கையால் தொட்டியைப் பிடித்துக் குனிந்தாள்.

விளக்கு சிவந்தது.

சட்டென்று கையை எடுத்துவிட்டுப் பதிவைப் பார்த்தாள். தொட்டதும் மூச்சு பட்டதும் ஒரே நொடி. இன்னொரு முறை மூச்சு வைத்துப் பார்க்கலாமென்றால், நேரம் கடந்து செடி பகலுக்காக மொத்தமாக மூடிக்கொண்டுவிட்டது. நாளைக் காலை வரை அது வாய் திறக்காது. திறந்தாலும் எதை நம்புவது?

“என்ன டாக்டரம்மா, உங்களையும் போகச் சொல்லுதா?” என்றார் தேவசகாயம், சிரிப்பு அடங்காமல்.

அவள் பையை மெதுவாகத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“ஐயா, சேலத்துல உங்களப் பாத்த டாக்டர் பேரு என்ன?” என்று கேட்டாள்.