மச்சான் குதிக்கிறான்!

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

அண்ணாந்து பார்த்தபடி அக்கா எண்ணிக்கொண்டிருந்தாள்.

பாராசூட் மடிப்பதுதான் அவள் தொழில். நாலு எண்ணுவதற்குள் குடை விரிந்துவிடும். பன்னிரண்டு வருடத்தில் அவள் மடித்த எந்தக் குடையும் அவளை ஐந்து சொல்ல வைத்ததில்லை.

"நாலு... அஞ்சு... ஆறு..."

"தம்பீ...!"

அந்த அலறல் ஓடுபாதையின் மறுகோடி வரை கேட்டது.

தம்பிக்குக் கேட்டிருக்க வாய்ப்பில்லை.

அவனுக்குப் பின்னால் குதித்த அவள் கணவரின் குடை மட்டும் அழகாக விரிந்து, ஆடி அசைந்து இறங்கியது.

மேலே அந்தச் சரக்கு விமானம் ஒன்றும் தெரியாதது போல வட்டமடித்தது. முப்பது வருடம் ராணுவத்துக்கு மூட்டை சுமந்து ஓய்வு பெற்ற கிழம்! பின்கதவைத் திறந்தால் ஒரே மூச்சில் இருபது பேர் குதிக்கலாம் என்று கணவரும் தம்பியும் கூட்டாக ஏலத்தில் எடுத்தது.

இன்று வெள்ளோட்டம்.

இரண்டு மணி நேரம் கழித்து...

குடை மடிக்கும் அறை. நீள மேஜையின் மேல் தம்பியின் பை. அதில் வெள்ளை பெயின்ட்டில் 'மச்சான்' என்று எழுதியிருந்தது.

இன்று விடியற்காலையில்தான் கணவர் எழுதியது. தன் பையில் 'மேஜர்' என்று எழுதியிருந்தார். ராணுவத்தில் இருந்தவர்.

"என் கைதான் கொன்னுடுச்சு சார்!" அக்கா தன் விரல்களையே பார்த்தாள். "எங்கயோ மடிப்பு சிக்கியிருக்கு..."

"சிக்கலைம்மா." இன்ஸ்பெக்டர் பையைத் திருப்பினார். "அறுத்திருக்காங்க. பெரிய குடை, ஆபத்துக்கு வெச்ச சின்னக் குடை... ரெண்டோட கயிறும்!"

அவள் நெஞ்சு ஒரு கணம் லேசானது. லேசானதற்காகவே வெட்கப்பட்டு அழுதாள்.

"நேத்து உங்க வீட்டுக்காரருக்கும் தம்பிக்கும் சண்டையாமே?"

"ப்ளேனை ஒரு ஓட்டல்காரருக்குக் குடுத்துடலாம்னான் தம்பி. இறக்கையை வெட்டிட்டு உள்ள மேஜை, நாற்காலி போடுவாங்களாம். இவர் கையெழுத்து போட முடியாதுன்னுட்டார்."

"என்ன சொன்னார்? அப்படியே சொல்லுங்க."

"'நான் உயிரோட இருக்கற வரைக்கும் நடக்காது'ன்னார்."

வாசலில் கணவர் நின்றிருந்தார். கையில் தம்பியின் ஒற்றை ஷூ.

இன்ஸ்பெக்டர் தலையாட்ட, விமான மெக்கானிக்கைக் கான்ஸ்டபிள் உள்ளே தள்ளினார்.

"நீதானேடா அறுத்தே?"

"ஆமா சார்... மாட்டேன்னா வேலை போயிடும்னாங்க." மெக்கானிக் தேம்பினான். "மச்சான் பைன்னு சொன்னாங்க. போய்ப் பார்த்தேன். மச்சான்னு எழுதியிருந்துச்சு. அறுத்துட்டேன்!"

தம்பியை மச்சான் என்று கூப்பிட இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் உண்டு.

அக்கா கணவரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள்.

"பாவி! நான் தூக்கி வளர்த்த புள்ளை அவன்! ஒரு ப்ளேனுக்காகவா...?"

அவர் அவள் கையை விலக்கவில்லை. "நான் இல்லம்மா..."

"மேஜர் சொல்றது நிஜம்." இன்ஸ்பெக்டர் மெக்கானிக்கின் செல்போனை எடுத்தார். "இவன் வர்ற கால் எல்லாத்தையும் ரெக்கார்ட் பண்ற ஆசாமி. நேத்து ராத்திரி வந்ததைக் கேளுங்க."

கரகரப்பு. பிறகு...

"காலைல டீ டைம்ல முடிச்சிடு. மச்சான் பை. ரெண்டு கயிறும். அக்காவுக்கு மட்டும் தெரியவே கூடாது..."

அக்காவின் பிடி நழுவியது.

அந்தக் குரலுக்குப் பேசக் கற்றுக்கொடுத்ததே அவள்தான்.

தம்பி!

மேஜருக்கு அவன் மச்சான். அவனுக்கோ, மேஜர் மச்சான்!

"போட்டுத் தொலைச்சிருக்கலாம்..." கணவர் சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். "ஒரு கையெழுத்துதானே..."

யாருக்காக அழுவது? செத்துப்போன தம்பிக்காகவா, அவனிடமிருந்து தப்பிய புருஷனுக்காகவா? அக்காவுக்குத் தெரியவில்லை. கணவரின் கையிலிருந்த ஷூவை வாங்கினாள். அவிழ்ந்து கிடந்த அதன் கயிற்றைப் பழக்க தோஷத்தில் இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

இன்ஸ்பெக்டர் மெக்கானிக்கின் பக்கம் திரும்பினார்.

"ஏண்டா, எந்த மச்சான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"கேட்டேன் சார்... 'இங்க இருக்கறது ஒரே மச்சான்தானேடா'ன்னு சிரிச்சாரு!"