செம்பாறைக் குகையில் தங்கப் பதக்கம்

"அந்த ஆளை நான் சும்மா விடப்போறதில்லண்ணே!" கயிற்றில் தொங்கியபடி பல்லைக் கடித்தாள் அங்கயற்கண்ணி.

"முதல்ல காலைப் பார்த்து வை தாயி! கத்தாதே, பக்கத்துல மலைத்தேனீ கூடு இருக்கு!" மேலே கயிற்றைப் பிடித்திருந்த தேனெடுக்கும் கருப்பன் அதட்டினார்.

அந்தக் காலத்துக் கோட்டைப்படை வீரர்களின் வாரிசுகளுக்கென்று ஊரில் ஒரு சங்கம் உண்டு. வீட்டுக்கொரு பதக்கம், தங்கத்தில் நீல எனாமல் பூசி வீட்டுப் பெயர் பொறித்தது, தலைமுறை தலைமுறையாக வருவது. தலைவர் பதவிக்குப் போட்டியிட்ட அவள் அப்பாவின் பதக்கம் போன வருடம் காணாமல் போனது. "வித்துக் குடிச்சுட்டான்!" என்று கூட்டத்தில் முழங்கி, அவரை வெளியே தள்ளிவிட்டுத் தலைவரானார் விசயரகுநாதன். அன்றிலிருந்து அப்பா வாசல்படி தாண்டவில்லை. அதே சமயத்தில் விசயரகுநாதன் இந்தக் குகைக்குள் இறங்கியதைப் பார்த்ததாகக் கருப்பன் போன வாரம்தான் சொன்னார்.

அங்கயற்கண்ணி குகைக்குள் குதித்தாள். கல்லிடுக்கைத் துழாவினாள். அப்பாவின் பதக்கம் கிடைத்துவிட்டது!

உருக்கியிருந்தால் விசயரகுநாதன் தப்பித்திருப்பார். பதக்கத்தை உருக்கினால் வம்சம் அற்றுப்போகும் என்று வாரிசுகளுக்குப் பயம். வெறும் கல்லில் வைப்பதும் பாவம், பட்டில் சுற்றித்தான் வைப்பார்கள். பழக்கதோஷம், மனிதர் தன் வீட்டுப் பெயர் நெய்த பச்சைப் பட்டிலேயே சுற்றியிருந்தார்!

"மாட்டினியாடா!" என்று அலறினாள்.

தேனீக்கள் கிளம்பின. முகம், கழுத்து, கை என்று கொட்டித் தீர்த்தன. கருப்பன் மூச்சிரைக்க அவளை இழுத்து மேலே போட்டார்.

"பழிவாங்கப் போறவளுக்கு வாயை அடக்கத் தெரியணும் தாயி!"

புத்தியில் உறைத்தது. சங்கக் கூட்டம் வரை மூன்று நாள் அவள் மூச்சு விடவில்லை.

கூட்டத்தன்று வீங்கிய முகத்தோடு, விசயரகுநாதனிடம் பட்டுத்துணியை மட்டும் நீட்டினாள். "ஐயா, இது யார் வீட்டுப் பட்டு?"

"எங்க வீட்டுப் பட்டு! பேரு நெய்திருக்கே, தெரியலையா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி பெருமையாகச் சொன்னார் விசயரகுநாதன்.

"அப்படின்னா இதுக்குள்ள எங்க அப்பா பதக்கம் எப்படி வந்துச்சு?"

உள்ளங்கையை விரித்தாள். பதக்கம் மின்னியது. பின்னாலிருந்து கருப்பன், "செம்பாறைக் குகைக்குள்ள நீங்க இறங்கினதை நான் பார்த்தேன்யா!" என்றார். சபை கொதித்து எழுந்தது. அங்கயற்கண்ணி பதக்கத்தை விசயரகுநாதன் கையில் வைத்தாள்.

"வாங்க, எங்க வீட்டுக்கு. உங்க கையாலயே அப்பா சட்டையில குத்தி விடணும்!"

தெருவே பின்னால் வர, தலைகுனிந்து முன்னால் நடந்தார் அவர். கதவைத் திறந்த அப்பா மகளின் முகத்தைப் பார்த்துப் பதறினார்.

"என்னம்மா இப்படி வீங்கியிருக்கு?"

"அதை விடுங்கப்பா, நெஞ்சை நிமிர்த்தி நில்லுங்க" என்றாள் அவள்.