வெட்கப்படாத கல்

கணவனுக்கான நான்கு மாதம் பத்து நாள் துக்கம் முடிந்த மறுநாளே, எல்லோரும் மரியாதையாக ‘லல்லா’ என்று அழைக்கும் மன்னூபியா, துனிஸ் நகரில் ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் கெமாயிஸின் கதவைத் தட்டினாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. ஆலிவ் பச்சையில் வைரம் பதித்த மோதிரம் ஒன்றை மேசைமேல் வைத்தாள்.

“துக்கத்துக்காகக் கழட்டிப் பூட்டி வச்சிருந்தேன், இன்னைக்குத்தான் பெட்டியைத் திறந்தேன். பச்சையாவே இருக்கு, ஸீ கெமாயிஸ்!”

“பச்சைக் கல்லு பச்சையா இருந்தா நல்லதுதானே லல்லா?” என்றான் லுத்ஃபி. கெமாயிஸின் மைத்துனன். டாக்சி ஓட்டியது போக மிச்ச நேரமெல்லாம் தானும் துப்பறிபவன் என்று அவனுக்கு நினைப்பு.

“உனக்கென்னடா தெரியும்? இருட்டுல கிடந்தா இது மஞ்சளாயிடும். வெளிச்சம் பட்டாத்தான் மெல்லப் பச்சை ஏறும். மாமியார் துக்கத்தப்போ கண்ணால பார்த்தேன். ‘உன்னைப் பார்த்து வெட்கப்படுது’ம்பார் என் வீட்டுக்காரர். இப்ப மாறவே இல்லை. அவர் ஆவி கல்லை விட்டுப் போயிடுச்சு. இல்லேன்னா சல்ஹா கல்லை மாத்தியிருக்கணும். நீங்க சொல்லுங்க, அவளைப் போலீஸ்ல பிடிச்சுக் கொடுத்துடறேன்.”

சல்ஹா, நோயில் கிடந்த மன்னூபியாவின் கணவர் துஹாமியைக் கடைசிவரை கவனித்துக்கொண்ட பெண். போக வேறு இடமில்லாததால் அங்கேயே தங்கிவிட்டவள்.

“பெட்டிச் சாவி?”

“என் கழுத்துல.”

“அதுக்கு முன்னாடி மோதிரத்தை எப்பவாவது கழட்டினீங்களா?”

“போன குளிர்காலம் விரல் வீங்கிச்சு. அவரே பெர்க்கா நகைச் சந்தைக்குக் கொண்டுபோய்த் தளர்த்திட்டு வந்தார். அப்புறம் அவர் மூச்சு நின்ன அன்னைக்குத்தான். நடுவுல அக்கா மக கல்யாணத்துக்கு மருதாணி வச்சப்பகூடக் கழட்டலை.”

கெமாயிஸ் மோதிரத்தை வாங்கி ஒரு காபி டப்பாவுக்குள் வைத்து மூடினார். இரண்டு நாளும் லுத்ஃபி அதைத் திறக்கப் பார்த்தான். அவர் டப்பாமேல் உட்காராத குறைதான். மூன்றாம் நாள் திறந்தபோதும் கல் பச்சையாகவே இருந்தது.

அன்று மாலை மன்னூபியாவின் வீட்டில் சல்ஹா தேநீர்த் தட்டுடன் நின்றாள். துஹாமியின் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. அந்த வீட்டில் லுத்ஃபிகூடக் குரலைத் தாழ்த்தித்தான் பேசினான்.

“இது போலிக் கல். ஆனா பெட்டியை யாரும் தொடலை,” என்றார் கெமாயிஸ்.

“அப்போ ஆவியேதான்!”

“சும்மா இருடா. லல்லா, கல்லோட அடிப்பக்கத்துல மருதாணி ஒட்டியிருக்கு. துக்கத்துல நீங்க மருதாணியைத் தொட்டிருக்க மாட்டீங்க. அப்போ கல்யாணத்தன்னைக்கே உங்க விரல்ல இருந்தது இந்தப் போலிதான். அதுக்கு முன்னாடி மோதிரம் உங்க கையை விட்டுப் போனது ஒரே ஒரு தடவை.”

“அவரா? எதுக்கு?” என்றாள் மன்னூபியா.

சல்ஹா தட்டைக் கீழே வைத்தாள். “அனீஸுக்காக, லல்லா. படகுக்காரனுக்குப் பணம் கொடுக்க வேற வழியில்லைன்னார். புள்ளை போயே தீருவேன்னு நின்னானாம்.”

அனீஸ் அவர்களுடைய ஒரே மகன். அந்தக் குளிர்காலத்தில் இத்தாலிக்குப் படகேறினான். அந்தப் படகு எந்தக் கரையிலும் ஒதுங்கவில்லை.

மன்னூபியா துஹாமியின் நாற்காலியைப் பார்த்தாள். “அவர் பேரு வேண்டாம். சல்ஹாதான் திருடினான்னு எழுதிக்குங்க.”

லுத்ஃபி துள்ளி எழுந்தான். “இது என்ன அநியாயம்!”

“முடியாது லல்லா,” என்றார் கெமாயிஸ்.

“எழுதட்டும், ஸீ கெமாயிஸ்,” என்றாள் சல்ஹா. “ஜெயில்ல இருந்து நான் ஒருநாள் வெளிய வந்துடுவேன். இவங்க அவர் நினைப்போட இந்த வீட்லயே இருக்கணுமே.”

அதைக் கேட்டு மன்னூபியா முதல்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தாள். மன்னூபியாவுக்கு வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது.

“கடைசியில அவர் ஏதாவது சொன்னாரா?”

“படகு வந்துடுச்சான்னு கேட்டுட்டே இருந்தார்.”

“நீ என்ன சொன்னே?”

“வந்துடுச்சுன்னேன்.”

மன்னூபியா அவள் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

“எனக்கும் அதையே சொல்லு,” என்றாள்.